இறப்புக் காரணக் கணக்கெடுப்பு

ஒரு நாட்டில் அல்லது நகரில் மக்கள் எதனால் இறக்கின்றனர் என்பதைத் தொகுத்து வகைப்படுத்தும் பொதுச் சுகாதாரப் புள்ளியியல் பிரிவு. இதன் வேர்களை லண்டனின் இறப்புப் பட்டியல்களில் காண்பது வழக்கம். எஞ்சியுள்ளவற்றில் மிகப் பழையது 1530-களைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. 1603 முதல் அவை வாரந்தோறும் தொடர்ந்து வெளிவந்தன. 1629 முதல் பிளேக் தவிர்ந்த பிற காரணங்களும் அச்சேறின.

காரணத்தைச் சொன்னவர்கள் மருத்துவர்கள் அல்லர். தேவாலயப் பங்குகள் அமர்த்திய முதிய பெண்கள், பெரும்பாலும் ஏழைகள், பிணத்தைப் பார்த்து, வீட்டாரை விசாரித்துப் பங்கு எழுத்தரிடம் தெரிவித்தனர். மருத்துவப் பயிற்சியற்ற அவர்களின் கண்ணும் காதுமே லண்டனின் நோய்க்கணக்குக்கு அடிப்படை. 1632-ஆம் ஆண்டுப் பட்டியலில் 'பல்' என்ற காரணத்தின்கீழ் 470 பேர் உள்ளனர். பல் முளைக்கும் பருவத்தில் இறந்த குழந்தைகள் இவ்வாறு எண்ணப்பட்டனர். துயரத்தால் இறந்தோர் 11 பேர் என்றும் அதே பட்டியல் பதிந்திருக்கிறது.

துணி வணிகரான ஜான் கிராண்ட் இப்பட்டியல்களை ஆராய்ந்து 1662-இல் நூல் வெளியிட்டார். அதில் அவருடைய நண்பர் வில்லியம் பெட்டியின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பியரும் இரட்டைக் கூலியும் பெற்ற பெண்கள் மேகநோய் மரணங்களை எலும்புருக்கி என எழுதச் செய்தனர் என்று கிராண்ட் ஐயுற்றார். 1665-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் பிளேக் மரணங்கள் 68,596 எனப் பதிவாயின. நோய்கண்ட வீடு 40 நாள் பூட்டப்படும் என்பதால் பலர் காரணத்தை மறைத்தனர். ஆங்கிலிக்கத் திருச்சபை சாராதோரின் அடக்கங்களும் பல விடுபட்டன. உண்மை எண்ணிக்கை ஒரு லட்சத்தை எட்டியிருக்கலாம் என்பது பரவலான கணிப்பு.

இங்கிலாந்தில் 1837-இல் குடிமைப் பதிவு தொடங்கியது. வில்லியம் ஃபார் நோய் வகைப்பாட்டைச் சீர்படுத்தினார். 1893-இல் ஏற்கப்பட்ட ஜாக் பெர்ட்டியோன் பட்டியலிலிருந்து பன்னாட்டு நோய் வகைப்பாடு வளர்ந்தது. 1948 முதல் அது உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. அதன் 11-ஆம் திருத்தம் 2022-இல் நடைமுறைக்கு வந்தது.

மருத்துவர் பார்க்காத மரணங்களுக்கு, வீட்டாரிடம் அறிகுறிகளைக் கேட்டுக் காரணம் கணிக்கும் முறை இன்றும் கையாளப்படுகிறது. 1990-களின் பிற்பகுதியில் சென்னையிலும் விழுப்புரத்திலும் ஏறத்தாழ 80,000 மரணங்கள் இவ்வாறு ஆராயப்பட்டன. 2020-இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் 22.5 விழுக்காட்டுக்கு மட்டுமே மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது.