அகத்தியமலை அடிவாரத்தில் ஒரு தோட்டம்: பாலோட்டு நிறுவனம் வளர்ந்த வரலாறு

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகச் செங்கோட்டைக்குச் செல்லும் சாலையில், சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பாலோடு. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் போய்வரும் நம்மவர்கள் பேருந்துச் சன்னல் வழியே பலமுறை பார்த்த ஊர்தான். அங்கே 300 ஏக்கரில் பரந்து கிடக்கும் அமைப்பின் முழுப்பெயர் ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். நேருவின் பெயர் பின்னாளில் சேர்ந்தது. பெயர் எவ்வளவு நீண்டாலும் நமக்கு அது பாலோட்டுத் தோட்டம்தான்.

தோட்டத்தின் கதைக்கு முன் காட்டின் கதையைச் சொல்ல வேண்டும். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலையைச் சுற்றிய காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் காணிக்காரர்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் கோட்டூர், விதுரை, பெரிங்கம்மலைப் பக்கங்களிலும், எல்லைக்கு இப்பால் கன்னியாகுமரி, திருநெல்வேலி மலைகளிலும் அவர்களுடைய குடியிருப்புகள் உள்ளன. தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு அவர்களுடையது. காணி என்றால் நிலவுரிமை என்பதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. பகைவர்களிடமிருந்து தப்பிக் காட்டுக்குள் வந்த திருவிதாங்கூர் மன்னரைக் காத்ததற்காக இந்த நிலம் தங்களுக்குக் கொடையாகக் கிடைத்தது என்பது அவர்கள் சொல்லிவரும் மரபுக் கதை. ஊருக்குத் தலைவர் மூட்டுக்காணி. நோய்க்கும் பேய்க்கும் பிலாத்தி. கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசி, இரவெல்லாம் சாற்றுப்பாட்டுப் பாடி நோய் தீர்ப்பது அவர்கள் வழக்கம். எந்த வேர் எந்த நோய்க்கு என்பது ஏட்டில் இல்லாமல் இவர்கள் நினைவிலேயே இருந்தது.

இத்தகைய காட்டின் அடிவாரத்தில் ஓர் ஆய்வுத் தோட்டம் வேண்டும் என்று கனவு கண்டவர் பேராசிரியர் ஏ. ஆபிரகாம். கேரளப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறைக்குத் தலைமை வகித்தவர். குரோமோசோம் ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். கல்கத்தாவுக்கு 1787-லேயே தாவரவியல் தோட்டம் கிடைத்துவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், இந்தியாவின் செடிகொடிகள் மிக அடர்ந்திருக்கும் இடத்தில், அப்படி ஒன்று இல்லாத குறை அவரை உறுத்தியது. கேரள அரசு முன்வர, 1979 நவம்பர் 17 அன்று தன்னாட்சி நிறுவனமாகத் தோட்டம் பிறந்தது. ஆபிரகாமே முதல் இயக்குநர். தோட்டம் என்பது கட்டடத்தைப்போலத் திறப்பு விழாவன்று முழுமை பெறுவதில்லை. நட்ட மரம் நிழல் தர ஆண்டுகள் பல ஆகும். முதல் தலைமுறை ஊழியர்கள் அந்த நிழலை எதிர்பார்த்து உழைத்தவர்கள் அல்லர். நாற்றுகளைக் காப்பாற்றியதே அவர்களுக்குச் சம்பாத்தியம். நிறுவனத்தின் அஞ்சல் முகவரியில் 'பச்ச' என்றே ஓர் ஊர்ப்பெயர் சேர்ந்திருப்பதை நல்ல சகுனம் என்றே எடுத்துக்கொள்வோம்.

எண்பதுகளின் தொடக்கத்திலேயே நூல் முயற்சியும் பலித்தது. ஆபிரகாமும் பி. வத்சலாவும் இணைந்து எழுதிய ஆர்க்கிடு அறிமுக நூல் 1981-ல் வெளிவந்தது. தென்னிந்தியாவின் 150 ஆர்க்கிடுகளைப் படத்துடன் விவரித்த அந்நூலை மாணவர்கள் இன்றும் தேடிப் பிடித்துப் படிக்கிறார்கள். ஆர்க்கிடு, மூங்கில், மருந்துச் செடி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொகுப்புகள் உருவாயின. அந்தப் பத்தாண்டின் பெருநிகழ்ச்சியோ தோட்டத்துக்கு வெளியே, மலைமேல் நடந்தது.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 1982-ல் பழங்குடியினரின் தாவர அறிவைத் தொகுக்க அகில இந்திய ஆய்வுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தலைமை ஒருங்கிணைப்பாளர் பி. புஷ்பாங்கதன். 1987 டிசம்பரில் அவரும் எஸ். ராஜசேகரன் முதலிய துணை ஆய்வாளர்களும் காணி வழிகாட்டிகளுடன் அகத்தியமலைக் காட்டில் ஏறினார்கள். ஏற்றம் கடினம். படித்தவர்களுக்கு மூச்சு வாங்கியது, கால் ஓய்ந்தது. முன்னால் நடந்த காணிக்காரர்களோ கறுத்த சிறு காய்களை அவ்வப்போது மென்றுகொண்டு சோர்வே தெரியாமல் போனார்கள். தளர்ந்தவர்களுக்கும் சிலவற்றைக் கொடுத்தார்கள். தின்றவர்களுக்கு நடை திரும்பியது. என்ன செடி என்று கேட்டதற்கு முதலில் பதில் இல்லை. வெளியாருக்குச் சொல்லக்கூடாத முன்னோர் ரகசியம் அது. இந்த அறிவை வைத்து உங்களை ஏமாற்ற மாட்டோம் என்று வாக்குக் கொடுத்து, நெடுநேரம் பேசிய பிறகே செடி காட்டப்பட்டது. மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி ஆகிய வழிகாட்டிகளின் பெயர்கள் நிறுவனர்களின் பெயர்களுக்குப் பக்கத்தில் எழுதப்பட வேண்டியவை.

காட்டப்பட்டது ஆரோக்கியப்பச்சை. ஓடைக்கரை நிழலில், தரையோடு தரையாக, இதய வடிவ இலையுடன் வளரும் குறுஞ்செடி. வள்ளிக்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. இலங்கையிலும் மலாய்த் தீபகற்பத்திலும்கூட இந்த இனம் உண்டு. 1788-லேயே ஐரோப்பியத் தாவரவியல் ஏட்டில் ஏறியும்விட்டது. இருநூறு ஆண்டுகள் அறிவியலுக்குப் பெயர் மட்டும் தெரிந்திருந்தது. பயன் தெரிந்தவர்கள் காணிக்காரர்கள். காயைவிட இலையில் ஆற்றல் மிகுதி என்பதும், களைப்பைப் போக்கி நோயெதிர்ப்பைத் தூண்டும் தன்மை உடையது என்பதும் ஆய்வில் தெரிந்தன. 1988-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை அதைக் காணிக்காரரின் 'ஜின்செங்' என்றே தலைப்பிட்டு அறிமுகம் செய்தது.

1990-ல் புஷ்பாங்கதன் நம் நிறுவனத்தின் இயக்குநரானார். ஆரோக்கியப்பச்சையும் அவருடன் பாலோட்டுக்கு வந்தது என்று சொல்லலாம். ஆரோக்கியப்பச்சையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகியவற்றைச் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்து உருவாயிற்று. 1995 நவம்பரில் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழு ஆண்டு உரிமம் வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய்; விற்பனையில் 2 சதவீதம் ஆதாய உரிமை. இரண்டிலும் சரிபாதி காணிக்காரருக்கு என்று நிறுவனம் முடிவு செய்தது. பழங்குடி அறிவுக்குப் பங்கு தர வேண்டும் என்று 1992-ல் ரியோவில் உலக நாடுகள் கையெழுத்திட்டிருந்தன. எப்படித் தருவது என்று காட்ட முன்மாதிரி இல்லை. முதல் முன்மாதிரிகளில் ஒன்று பாலோட்டில் எழுதப்பட்டது. மருந்தைவிடப் பெரிய சாதனை இதுவே என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

வழி மென்மையாக இருந்ததென்று சொல்வதற்கில்லை. பணம் வந்தது, வாங்கிக்கொள்ள ஓர் அமைப்பு இல்லை. காணிக் குடியிருப்புகள் பல பஞ்சாயத்துகளில் சிதறிக் கிடந்தன. எங்களைக் கேட்காமல் எங்கள் அறிவை விற்கலாமா என்று ஒரு சாரார் முதலமைச்சருக்கே எழுதினார்கள். நியாயமான கேள்விதான். இலை பறிப்பதிலும் சிக்கல் எழுந்தது. இச்செடி காட்டு நிழலில் வளர்ந்தால்தான் குணம் தரும். காணிக் குடும்பங்கள் அதைப் பயிரிடத் திட்டம் ஒன்று நடந்தபோதிலும், காட்டிலிருந்து இலை வெளியே போவதை வனத் துறை ஏற்கவில்லை. செடி வேரோடு அழிந்துவிடும் என்பது அத்துறையின் அச்சம். காட்டைக் காக்க வேண்டியவர்களும் காட்டை நம்பி வாழ்பவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச நாள் பிடித்தது.

1997 நவம்பரில் 'கேரள காணி சமுதாய க்ஷேம டிரஸ்ட்' பதிவாயிற்று. அதன் பொறுப்பாளர்கள் எல்லோரும் காணிக்காரர்களே. ரகசியத்தைப் பகிர்ந்த வழிகாட்டிகளுக்கும் அதில் தலைமை இடம் கிடைத்தது. 1999 பிப்ரவரியில் 5 லட்சத்து 19 ஆயிரம் ரூபாய்க்கு மேல் அதன் கணக்கில் சேர்ந்தது. அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் சமூக நலனுக்குச் செலவிடுவது என்று அவர்களே தீர்மானித்தார்கள். தொகை சிறிது என்பவர்கள் உண்டு. கேட்டு வாங்கிய அறிவுக்கு விலை உண்டு என்று ஓர் அரசு நிறுவனம் தன் பேரேட்டில் பதிந்தது அதுவரை கேட்டறியாத செய்தி.

புதிய நூற்றாண்டில் வெளியுலகம் பாலோட்டைத் தேடி வந்தது. 2002-ல் ஜோகன்னஸ்பர்க் உலக மாநாட்டில் புஷ்பாங்கதனுக்கு ஐ.நா.வின் பூமத்தியரேகைப் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு இந்தியா பல்லுயிர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. 2003-ல் நிறுவனம் கேரள மாநில அறிவியல், தொழில்நுட்ப, சுற்றுச்சூழல் கவுன்சிலின் குடைக்கீழ் வந்தது. 2010-ல் நகோயா உடன்படிக்கை உருவானபோது, பயன்பகிர்வு பற்றிய பேச்சில் காணிக்காரரின் பெயர் அடிபடாத கூட்டம் குறைவு. புஷ்பாங்கதனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததும் அந்த ஆண்டில்தான்.

தோட்டத்துக்குப் பின்னால் நிற்கும் மலைக்கும் உரிய மதிப்புக் கிடைத்தது. 2001-ல் உயிர்க்கோளக் காப்பகமான அகத்தியமலை, பின்பு தமிழ்நாட்டுப் பகுதியையும் சேர்த்துக்கொண்டு, 3,500 சதுர கிலோமீட்டர் பரப்புடன் 2016-ல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே பதிவான 2,254 உயர்வகைத் தாவர இனங்களில் ஏறத்தாழ 400 அம்மலைக்கே உரியவை. திருவனந்தபுரம் நகரத்தார் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரும் அதே காட்டில், பேப்பாறை அணைக்கு மேலே ஊறிய தண்ணீர்தான்.

2018-ல் பொன்முடி மலைச்சாரலில் உள்ள கல்லாற்றிலிருந்து ஒரு காணி மூதாட்டி பத்மஸ்ரீ விருதுக்கு அழைக்கப்பட்டார். தாயிடமிருந்து கேட்டுப் பழகிய ஏறத்தாழ 500 மூலிகை மருந்துகளை நினைவிலிருந்தே சொல்லும் லட்சுமிக்குட்டி அவர். விஷமுறிவு வைத்தியம் நாடி வருபவர்களுக்குத் தம் ஓலைக்குடிலின் வாசலிலேயே மருந்து அரைத்துக் கொடுத்து வந்தவர்.