பொட்டலம் கட்டும் வேலை யாருடையது? கடலூர் ஷாம்பு பாக்கெட்டின் தொழில் வரலாறு

தொழில்முனைவைப் பற்றிய பாடநூல்கள் பெரும்பாலும் ஜோசஃப் ஷும்பீட்டரில்தான் தொடங்கும். புதிய பொருள், புதிய உற்பத்தி முறை, புதிய சந்தை, புதிய மூலப்பொருள் ஆதாரம், தொழிலின் புதிய அமைப்பு என்று ஐந்து வகைப் புதுமைகளை அவர் 1911இல் வகுத்தார். பெட்டிக்கடை வாசலில் சரஞ்சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டை இவற்றில் எதில் சேர்ப்பது? ஷாம்பு ஏற்கெனவே இருந்த பொருள். உள்ளே இருக்கும் திரவத்தை அந்தப் பாக்கெட்டுக்காக யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. புதிய சந்தை என்று சொல்லிவிடலாம்தான். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் சந்தை விரிந்தது விளைவு. அதற்கு முன் நடந்த மாற்றம் வேறு: சரக்கைச் சிறுசிறு கூறுகளாகப் பிரிக்கும் வேலை கடைக்காரரின் கையை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனது. இந்த இடமாற்றத்தின் வரலாற்றையே இக்கட்டுரை தொடர்கிறது.

தமிழ்நாட்டு மளிகைக் கடையில் சிறு அளவு விற்பனை எவரும் புகுத்திய புதுமையன்று. எட்டணாவுக்கு நல்லெண்ணெய், நாலணாவுக்குக் காப்பித்தூள் என்று கேட்டு வாங்குவது நெடுநாள் வழக்கம். இந்தக் கேள்வியின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். வாங்குபவர் எடையைச் சொல்வதில்லை. கையிலிருக்கும் காசைச் சொல்கிறார். காசு நிலையானது, சரக்கின் அளவு அதற்கேற்பக் கூடும் குறையும். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி பருப்பு வாங்கும் வீட்டுக்கு வேறு வழியும் இல்லை. பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டிப் பொட்டலம் கட்டியது கடைக்காரர். அளவு, தரம், கலப்படம், கடன் எல்லாமே அவர் பொறுப்பில் இருந்தன.

இந்த ஏற்பாட்டுக்குள் அடங்காதவை நிறுவனங்களின் பெயர் பொறித்துப் புட்டியிலும் டப்பாவிலும் வந்த பொருள்கள். எண்ணெய்க்குக் கிண்ணம் கொண்டுபோகலாம். ஷாம்புவுக்குக் கிண்ணம் கொண்டுபோனால் உள்ளே ஊற்றியது எந்த ஷாம்பு என்று யார் சொல்வது? புட்டியை விட்டு வெளியே வந்ததும் அந்தப் பொருளின் பெயர் போய்விடும், பெயரோடு நம்பிக்கையும் போய்விடும். ஆகவே ஷாம்பு முழுப் புட்டியாகவே விற்றது. முழுப் புட்டி வாங்க முடியாதவர்கள் சீயக்காயிலும் சோப்பிலும் தலைக்குக் குளித்தார்கள்.

கடலூரில் சிறிய அளவில் மருந்துப் பொருள் தொழில் நடத்திவந்த சின்னி கிருஷ்ணன் கைவைத்தது இந்த முடிச்சில்தான். எப்சம் உப்பை 100 கிராம் பொதியாக விற்பதற்குப் பதில் 5, 10, 20 கிராம் பாக்கெட்டுகளாக விற்றால் எளியவர்களும் வாங்குவார்கள் என்பது அவருடைய கணக்கு. டப்பாவில் வந்துகொண்டிருந்த டால்கம் பவுடருக்கும் அதையே பொருத்திப் பார்த்தார். திரவப் பொருளுக்கும் வருங்காலம் பாக்கெட்டில்தான் என்று நம்பினார். இதை அவர் மகன் சி.கே.ரங்கநாதன் பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தந்தைக்கு யோசனைகள் வந்தன, சந்தைப்படுத்தத் தெரியவில்லை என்றும் அதே பேட்டிகளில் சொல்கிறார். ரங்கநாதன் கல்லூரிக்குள் நுழைந்த காலத்தில் தந்தை காலமானார். குடும்பத் தொழிலை மூத்த மகன்கள் எடுத்து நடத்த, வெல்வெட் ஷாம்பு பாக்கெட் தமிழ்நாட்டுக் கடைகளில் தொங்கத் தொடங்கியது. 1980களில் தொலைக்காட்சி பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயர் மறந்திருக்காது.

மேலாண்மை நூல்களில் புதுமைக்கு ஒரு முகம் வேண்டும். ஒரு தனிமனிதர், ஒரு பொறி தட்டிய கணம், பிறகு வெற்றி. கடலூர்க் கதை அந்த அச்சில் வார்க்க வராது. யோசனை ஒருவருடையது. அது கடைக்குப் போனது வேறு சிலரால். அதை நிர்வாக முறையாக ஆக்கியவர் மூன்றாமவர். ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்தில், ஒரே குடும்பத்துக்குள்ளேயே, இந்த மூன்றும் தனித்தனியாக நடந்தன. ‘சாஷே புரட்சியின் தந்தை’ என்று யாருக்குப் பட்டம் கொடுப்பது என்ற வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. இந்த இடைவெளிகள்தான் ஆய்வுக்குரியவை.

அண்ணன்மாரோடு கருத்து வேறுபட்டு வெளியேறிய ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு சிக் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கினார். குடும்பத் தொழிலுக்குப் போட்டியாக ஷாம்பு செய்வதில்லை என்றுதான் முதலில் எண்ணியிருந்தார். தெரிந்த தொழில் அது ஒன்றே என்பதால் அதற்கே திரும்பினார். சிக் என்பது தந்தையின் பெயரிலிருந்து எடுத்தது. பாக்கெட் போடும் இயந்திரத்துக்கு 3,000 ரூபாய், வாடகைக்குப் பிடித்த வீடு, வாடகைக்குப் பிடித்த தொழிற்கூடம்: அவர் நினைவுகூரும் மூலதனப் பட்டியல் இவ்வளவுதான். நுழைவுச் செலவு இத்தனை குறைவாக இருந்தால் அடுத்தவரும் நுழைவார். நுழையவும் செய்தார்கள். தொழில்நுட்பத்தால் எவரும் பாதுகாப்பு பெற முடியாத சந்தை அது. ஆகவே போட்டி விற்பனை முறைக்கு இடம்பெயர்ந்தது.

அங்கே அவர் செய்த ஒரு காரியத்தை விரிவாகப் பார்க்க வேண்டும். எந்த ஷாம்புவின் காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார். சில மாதங்களுக்குப் பிறகு நிபந்தனையை மாற்றினார்: சிக் காலிப் பாக்கெட்டுகளுக்கு மட்டுமே இலவசம். முதல் கட்டத்தில் போட்டியாளரின் வாடிக்கையாளர், தான் ஏற்கெனவே செலவழித்த காசுக்கே சிக்கைச் சோதித்துப் பார்க்கிறார். இரண்டாம் கட்டத்தில், பழகிவிட்ட அந்த வாடிக்கையாளர் கடையில் போய்ப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது. கடைக்காரர் எதை எடுத்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு போகும் பொருளில் பெயர் சொல்லிக் கேட்கும் பழக்கத்தை உண்டாக்குவது லேசான வேலையில்லை. விளம்பரத்துக்குப் பணமில்லாத நிறுவனம் அதைச் சாதித்தது. மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சமானது என்கிறார் ரங்கநாதன். மல்லிகை, ரோஜா மணங்கள் வந்தபின் 30 லட்சம், நடிகை அமலா விளம்பரத்தில் தோன்றியபின் மாதம் ஒரு கோடி. நிறுவனர் தாமே சொல்லும் எண்களை எப்போதும் ஓர் இடைவெளி விட்டே படிக்க வேண்டும்; ஆனால் எண்களின் வரிசை நமக்கு உதவுகிறது. நட்சத்திரமும் மணமும் பின்னால் வந்தவை, முதல் தாவல் காலிப் பாக்கெட்டிலிருந்து வந்தது.

கிராமங்களில் எதிராளி இன்னொரு ஷாம்புவே இல்லை. ஷாம்புவை எப்படிப் பயன்படுத்துவது என்பதே பலருக்குத் தெரியாத நிலையில், நிறுவனத்தார் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிச் சிறுவர்களை நிறுத்தி, எல்லார் முன்னிலையிலும் தலைக்கு நுரை போட்டுக் குளிப்பாட்டினார்கள். முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள், முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். ரஜினிகாந்த் படங்களைத் திரையிட்டு இடையிடையே விளம்பரம் காட்டினார்கள், பாக்கெட்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள். பன்னாட்டு நிறுவனத்தின் சந்தை ஆய்வாளர் இதையெல்லாம் பெரிய அறிக்கையாக எழுதியிருப்பார். இவர்களுக்குத் திருவிழா, திரைப்படம், வேடிக்கை பார்க்கக் கூடும் கூட்டம் எல்லாம் முன்பே தெரிந்தவை.

1990இல் பியூட்டி காஸ்மெடிக்ஸ் ஆகவும் 1998இல் கெவின்கேர் ஆகவும் பெயர் மாறிய நிறுவனம், 1999இல் சிக்கை 50 பைசாவுக்கு இறக்கியது. பெரிய நிறுவனங்களும் நாணய விலைக்கு இறங்கி வந்தன. இதோடு கடைக்காரரின் பழைய கணக்கு முழுமையாகத் தொழிற்சாலைக்குக் குடிபோனது. எட்டணாவுக்கு என்று கேட்டவருக்கு முன்பு கடைக்காரர் அளந்தார். இப்போது அளவு ஆலையிலேயே முடிவாகி, ஒட்டப்பட்டு வருகிறது. நாணய விலை ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால் மூலப்பொருள் விலை ஏறும்போது பாக்கெட்டின் விலையை ஏற்ற வழியில்லை. ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் நடுவே படிக்கட்டு இல்லை. எனவே மில்லிலிட்டர் சுருங்குகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்புக்கான ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தபோது இதே சிக்கல் தலைகீழாக வந்தது. வரிக் குறைப்பை அப்படியே விலையில் காட்டினால் ஒரு ரூபாய்ப் பாக்கெட் ஏறத்தாழ 89 பைசா ஆகும். 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011லேயே செல்லாமல் போய்விட்ட நாட்டில் 89 பைசாவை யார் கொடுப்பது, யார் வாங்குவது? இத்தகைய சிறு பாக்கெட்டுகளில் விலையை அப்படியே வைத்து அளவைக் கூட்டுவதாக நுகர்பொருள் நிறுவனங்கள் பலவும் அறிவித்தன.

கோட்பாடு வந்து சேர்ந்தது தாமதமாக. கோயம்புத்தூரில் பிறந்து மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியரான சி.கே.பிரகலாத், 2002இல் ஸ்டூவர்ட் ஹார்ட்டுடன் எழுதிய கட்டுரையிலும் 2004இல் வெளியிட்ட நூலிலும், உலகின் வருமானப் பிரமிடின் அடித்தளத்தில் இருப்போரை நிறுவனங்கள் வாடிக்கையாளர்களாகப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். ஒருமுறைப் பயன்பாட்டுப் பாக்கெட் அவருடைய வாதத்தின் முக்கியச் சான்றுகளில் ஒன்று. கடலூரில் பழையதாகிவிட்ட நடைமுறை ஹார்வர்டிலும் மிச்சிகனிலும் புதிய பாடமானது.

அதே மிச்சிகனில் பணியாற்றிய அனில் கர்னானி 2007இல் மறுத்தார். சிறு பாக்கெட் வசதியைத் தருகிறது, கைக்காசைச் சமாளிக்க உதவுகிறது, ஆனால் மில்லிலிட்டருக்கான விலை குறையாதவரை ஏழைக்குப் பொருள் கட்டுப்படியாகிறது என்று சொல்ல முடியாது என்றார். பொதுவான தர்க்கமாக இது அசைக்க முடியாதது. ஆனால் இந்திய ஷாம்பு ஒரு விசித்திரமான விதிவிலக்கு. பல பிராண்டுகளில் பாக்கெட்டாக வாங்குவது புட்டியாக வாங்குவதைவிட மில்லிலிட்டர் கணக்கில் மலிவு. மாதச் சம்பளக்காரர்களும் சரத்தைக் கிழித்துக் குளியலறையில் தொங்கவிடுவது அதனால்தான். நாணய விலையில் நடந்த போட்டி நிறுவனங்களை அந்த இடத்துக்குத் தள்ளியது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம். மொத்தமாக வாங்கினால் மலிவு என்ற வணிக விதியை மீறியது ஏழைகள் மீதான கரிசனமா? கரிசனம் இருந்திருக்கலாம். ஆனால் எவரும் நுழையக்கூடிய சந்தையில் கரிசனம் இல்லாதவரும் அதே விலைக்கு வந்தாக வேண்டியிருந்தது. பிரகலாத், கர்னானி இருவரின் எழுத்திலும் இந்தப் போட்டிக்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

பொட்டலம் கட்டும் வேலை ஆலைக்குப் போனபோது அதோடு போகாத ஒன்று உண்டு. கடைக்காரரின் பொட்டலம் பழைய செய்தித்தாள், அடுப்பெரிக்கவாவது உதவும். ஷாம்பு பாக்கெட்டோ பல அடுக்குப் படலம். ஈரம் புகாது, மணம் வெளியேறாது, பிரித்தெடுத்து மறுசுழற்சி செய்வதும் கடினம். ஒரு கிலோ சேர ஏராளமாகப் பொறுக்க வேண்டியிருப்பதால் பழைய பொருள் பொறுக்குவோர் அதைத் தொடுவதே இல்லை. 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் குட்கா, புகையிலை, பான் மசாலா ஆகியவற்றுக்குப் பிளாஸ்டிக் சாஷேயைத் தடைசெய்தன. ஷாம்பு அந்தத் தடைக்குள் வரவில்லை. மறுசுழற்சிக்கு வராத பல அடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டாண்டில் ஒழிக்க வேண்டும் என்றிருந்த பிரிவும் 2018 திருத்தத்தில், எரிபொருளாகவோ வேறு பயனுக்கோ உதவாதவற்றுக்கு மட்டும் என்று தளர்ந்தது. சந்தைக்கு அனுப்பிய பிளாஸ்டிக்குக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்ற ஏற்பாடு பின்னர் வலுப்பட்டது. ஆயினும் அந்தப் பொறுப்பைச் சான்றிதழ் வாங்கியும் நிறைவேற்றலாம்; தெருவில் கிடக்கும் அந்தக் குறிப்பிட்ட பாக்கெட்டைக் குனிந்து எடுக்க யாரும் கடமைப்பட்டவர் அல்லர்.

1980களின் ஐந்துக்கு ஒன்று திட்டத்தை இந்தக் கோணத்தில் மறுபடி ஆராயலாம். சுற்றுச்சூழல் என்ற எண்ணம் அதில் துளியும் இல்லை, முழுக்க விற்பனைத் தந்திரம். இருந்தும் போட்டியாளர்களுடையது உட்பட காலிப் பாக்கெட்டுகளை மக்கள் தாமே எண்ணிச் சேர்த்துக் கடையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஐந்தில் ஒரு பங்கு பாக்கெட்டின் விலை, அதாவது சில பைசா, அதற்குப் போதுமானதாக இருந்தது.