நன்னீர் மீனும் எண்ணெய் நஞ்சும்

மத்திய மலைநாட்டிலே தோன்றி, ஏறக்குறைய 145 கிலோமீற்றர் தூரம் ஓடிவரும் களனி கங்கை, கொழும்பு மாநகரின் வடவெல்லையாகிய முகத்துவாரத்திலே கடலொடு கலக்கின்றது. கொட்டாஞ்சேனையிலிருந்து அவ்விடம் நடந்து செல்லத்தக்க அணிமையினது. மாநகர மக்கள் பருகும் நீரின் பெரும்பகுதி, ஆறு கடலை அடையுமுன் அம்பத்தளை என்னுமிடத்தில் எடுத்துத் தூய்தாக்கப்படுகின்றது. 2015ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், பியகமப் பகுதியிலுள்ள தொழிற்சாலையொன்றிலிருந்து கசிந்த டீசல் ஆற்றிற் கலந்தமையால், அம்பத்தளையில் நீர் எடுத்தல் தடைப்பட்டது. ஆற்றுக்கும் தமக்கும் உள்ள தொடர்பை நகரமாந்தர் அன்று உணர்ந்தனர். பின்னர் நீர் வந்தது, பேச்சு அடங்கிற்று. ஆயின், குழாய்நீரைத் தடுத்து மக்களைக் காக்க இயன்றது; ஆற்றை விட்டு நீங்க வழியில்லாத மீனுக்கு அக்காவல் இல்லை. எண்ணெய் கலந்த நீரில் மீன் எவ்வளவு காலம், எவ்வளவு செறிவு வரை உயிர் தரிக்கும்? இவ்வினாவுக்கு விடை காணும் முறையை அறிவியலாளர் நூறாண்டுக்கு மேலாக வகுத்து வந்துள்ளனர். அம்முறையின் வரலாற்றையும், அது தரும் சான்றின் எல்லையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

ஐதரசனும் காபனும் மட்டுமே சேர்ந்தமைந்த சேர்வைகள் ஐதரோகாபன்கள் எனப்படும். பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் என்பன பெரும்பாலும் இவற்றின் கலவைகளே. பென்சீன், தொலுயீன், நப்தலீன் முதலியன இவ்வினத்துள் நஞ்சு மிக்கவை. எண்ணெயும் நீரும் கலவா என்பது உலகவழக்கு. அது முற்றும் உண்மையன்று. சாதாரண வெப்பநிலையில் ஓர் இலீற்றர் நீரில் ஏறக்குறைய 1.8 கிராம் பென்சீன் கரையும். தொலுயீன் அரைக் கிராம் அளவிற் கரையும். நப்தலீன் 30 மில்லிகிராம் அளவிற் கரையும். நீரின்மேல் வானவில் நிறங்காட்டி மிதக்கும் படலம் யாவர் கண்ணுக்கும் புலனாவது. கரைந்துநிற்கும் பகுதியோ கண்ணுக்குப் புலப்படாது, பூக்கள் என வழங்கும் செவுள்களின் வழியே மீனின் குருதியிற் சேர்வது. படலத்தினும் கொடியது இக்கரைசலே.

உட்புகுந்த நஞ்சு செய்யும் தொழிலை விளக்கியோர் இருவர். ஜேர்மனியிலே ஹான்ஸ் ஹோஸ்ற் மையர் 1899இலும், சுவிற்சலாந்திலே சாள்ஸ் ஏர்ணெஸ்ற் ஓவற்றன் 1901இலும், கொழுப்பிலே எளிதிற் கரையும் பொருள்கள் உயிரினங்களை மயக்குறச் செய்யும் என்று காட்டினர். ஓவற்றன் தம் சோதனைகளுக்கு வாற்பேய்களைப் பயன்படுத்தினார். ஐதரோகாபன்கள் மீனின் நரம்புகளில் இவ்வாறே தொழிற்படுகின்றன. மீன் முதலிற் கலவரமுற்று விரைந்தோடும். பின்னர் நிலைதடுமாறிப் பக்கவாட்டிற் சாயும். ஈற்றில் அசைவற்றுக் கிடக்கும். அந்நிலையிலே தூயநீரில் விடப்படின் மீண்டும் எழுதலும் உண்டு. மயக்கம் நீடிப்பின் மூச்சடங்கி இறக்கும்.

தொழிற்கழிவிலுள்ள இச்சேர்வைகளை மீனிற் சோதித்த முன்னோடிகளுள் ஒருவர் ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தைச் சேர்ந்த விக்ரர் ஷெல்போட் ஆவார். அக்காலத்திலே நகரங்களின் விளக்குகள் நிலக்கரியிலிருந்து பெற்ற வாயுவினால் எரிந்தன. கொழும்பும் அவ்வாறு ஒளிபெற்ற நகரமே. கொட்டாஞ்சேனைக்கு அணித்தான புறக்கோட்டையிலே வாயு ஆலையின் பெயர் தாங்கிய வீதி இன்றும் உளது. வாயு வடிக்கும் ஆலைகள் தாரும் கழிவுநீரும் ஓடைகளில் விடுவது வழக்கம். அவ்வகைக் கழிவின் பகுதிகளைத் தனித்தனியே பிரித்து, சிறு சூரியமீன்களிடத்து ஆராய்ந்த ஷெல்போட், 1917இல் தம் முடிபுகளை வெளியிட்டார். அவற்றுள் ஒன்று இன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஒரு தலையிலே தூயநீரும் மறுதலையிலே நஞ்சுநீரும் அமைந்த தொட்டியில் விடப்பட்ட மீன்கள், நஞ்சைக் கண்டு விலகும் என்று எதிர்பார்க்கப்பட்டது. பல நஞ்சுகளை அவை விலக்கவில்லை. சிலவற்றினுள் விரும்பியே நுழைந்தன. மீன் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்னும் நம்பிக்கை அத்துடன் வலுவிழந்தது.

ஷெல்போட்டின் காலத்தில், எச்செறிவு மீனைக் கொல்லும் என்பதே வினாவாக இருந்தது. ஆயின் ஒரே நீரில் விடப்பட்ட பத்து மீன்களும் ஒரே நேரத்தில் இறப்பதில்லை. முதலில் இறக்கும் மீனைக் கொண்டு அளப்பதா, இறுதியில் இறக்கும் மீனைக் கொண்டு அளப்பதா? இச்சிக்கலை அவிழ்த்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ட்ரெவன். மருந்துகளின் வலிமையை அளந்த அவர், 1927இல், உயிர்களுட் பாதியைக் கொல்லும் அளவையே அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும் என நிறுவினார். மிக வலியனவும் மிக மெலியனவும் தற்செயலாக வாய்ப்பன. நடுநிலையே நம்பத்தக்கது என்பது அவர் கருத்து.

இக்கருத்தை எண்ணெய்க்கும் மீனுக்கும் பொருத்தும் முயற்சி எண்ணெய்த் தொழிலின் உள்ளிருந்தே பிறந்தமை வியப்புக்குரியது. பிலதெல்பியா நகரத்து எண்ணெய் சுத்திகரிப்புக் கம்பனியொன்றின் கழிவாய்வுக் கூடம் 1945இல் ஹாட், டௌடரொவ், கிறீன்பாங்க் என்னும் மூவர் எழுதிய நூலை வெளியிட்டது. தொழிற்கழிவுகளும் இரசாயனப் பொருள்களும் நன்னீர் மீனுக்கு எவ்வளவு நஞ்சாகும் என்பதை மதிப்பிடும் முறை அந்நூலிலே வகுக்கப்பட்டது. 1951இல் டௌடரொவும் துணைவரும் அம்முறையைச் செப்பனிட்டுப் பொதுவிதியாக்கினர்.

அம்முறை வருமாறு: ஓரினத்தைச் சேர்ந்த, ஏறக்குறைய ஒரேயளவான மீன்கள் சில நாட்கள் ஆய்வுகூட நீருக்குப் பழக்கப்படும். நஞ்சானது படிப்படியாகக் குறையும் செறிவுகளிலே பல தொட்டிகளிற் கலக்கப்படும். ஒரு தொட்டியில் மட்டும் நஞ்சு கலவாத நீர் இருக்கும். ஒவ்வொரு தொட்டியிலும் பத்து மீன்கள் விடப்படும். அவற்றுக்கு உணவு கொடுக்கப்படுவதில்லை. 24, 48, 96 மணித்தியாலங்களில் இறந்தவை எண்ணப்படும். நஞ்சில்லாத நீரிலே பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறப்பின், அச்சோதனை முழுவதும் தள்ளப்படும். மீன்களுட் பாதி இறக்கும் செறிவு கணிக்கப்பட்டு ஓர் எண்ணாக உரைக்கப்படும். 96 மணித்தியாலம் என்பது நான்கு நாள். திங்கட்கிழமை தொடங்கும் சோதனை வெள்ளிக்கிழமை முடிந்துவிடும். இவ்வெல்லை ஆய்வாளரின் வேலைவாரத்துக்கு ஏற்றதேயன்றி, ஆற்றின் இயல்பு வகுத்த எல்லையன்று.

1966இல் பிக்கறிங், ஹெண்டேசன் என்னும் இருவர், முக்கியமான எண்ணெய்வழி இரசாயனங்களை நால்வகை மீன்களிடத்துச் சோதித்து முடிபுகளை வெளியிட்டனர். பென்சீனைப் பொறுத்தவரை, நான்கு நாளிற் பாதியைக் கொல்லும் செறிவு, இலீற்றருக்கு ஏறக்குறைய 22 முதல் 37 மில்லிகிராம் வரை அமைந்தது. தொலுயீனுக்கு 24 முதல் 60 மில்லிகிராம் வரை அமைந்தது. இரண்டிலும் முதலில் வீழ்ந்தது நீலச்செவுட் சூரியமீன். மிகுதியாகத் தாங்கியது கப்பி மீன். அக்கப்பி மீனைக் காண வெளிநாடு செல்லவேண்டுவதில்லை. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அது, நுளம்புக் குடம்பிகளை உண்ணும்பொருட்டு இந்நாட்டிற்குக் கொணரப்பட்டு, வெள்ளவத்தையின் வாய்க்கால்களிலும் கொழும்பின் ஏனைய வடிகால்களிலும் பெருகி வாழ்வது. வாய்க்காலில் மீன் துள்ளுவதைக் கண்டு நீர் நன்று என்று கருதுவோர், துள்ளுவது எம்மீன் என்பதையும் நோக்குதல் வேண்டும்.

நிற்க, ஐதரோகாபன்களைச் சோதிப்பதில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. அவை திறந்த தொட்டியிலிருந்து ஆவியாகிப் பறந்துவிடும். திங்களன்று இருந்த செறிவு செவ்வாயன்று இராது. பிழைத்த மீன் நஞ்சைத் தாங்கியதா, நஞ்சு நீங்கியமையாற் பிழைத்ததா என்பது ஐயமாகும். இதற்குத் தீர்வாக, மவுண்ற், புறுங்ஸ் என்போர் 1967இல், புதிய நஞ்சுநீரை இடையறாது ஓடச்செய்யும் கருவியொன்றை வெளியிட்டனர். ஒரு பங்கு எண்ணெயை ஒன்பது பங்கு நீரின்மேல் விட்டு, இருபது மணித்தியாலம் மெதுவாகக் கலக்கி, கீழேயுள்ள நீரை மட்டும் எடுத்துச் சோதிக்கும் வழக்கம், 1974இல் அண்டர்சனும் துணைவரும் எழுதிய கட்டுரையின்பின் பரவிற்று. 1981இல் பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி நிறுவனம் நான்கு நாட் சோதனையைப் பன்னாட்டு விதியாக ஏற்றது.

ஆயினும், விதி திருந்திய காலத்திலேயே அதன் எல்லையும் வெளிப்படலாயிற்று. 1983இல் வெளிவந்த ஆய்வொன்று, அந்திரசீன் என்னும் ஐதரோகாபன் கலந்த நீரிலே, வெயில் பட்ட சூரியமீன்கள் இறந்தமையையும், நிழலில் இருந்தவை பிழைத்தமையையும் காட்டிற்று. கூரையின்கீழ் விளக்கொளியில் நடைபெறும் சோதனை, கதிரவன் காயும் ஆற்றுக்கு முழுச்சான்றாகாது என்பது இதனாற் பெறப்படும். வெப்பவலய நாட்டினர் சிறப்பாகக் கருதவேண்டியது இது. 1989இல் அலஸ்காக் கரையிலே எக்சன் வால்டீஸ் கப்பல் உடைந்தபின், இளஞ்சிவப்புச் சாமன் மீனின் முட்டைகளை ஆராய்ந்தோர், நூறு கோடியிற் சில பங்கு அளவினதாகிய எண்ணெய்ச் சேர்வைகளும் கருவின் வளர்ச்சியைக் கெடுத்தல் கண்டனர். நான்கு நாளில் வளர்ந்த மீனைக் கொல்லும் அளவுடன் ஒப்பிடின், இது ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்தது. ஆகவே, நான்கு நாளில் மீன் இறந்தது எனின் நீர் தீது என்பது உறுதி. இறந்திலது எனின் நீர் நன்று என்பது உறுதியன்று. சோதனையை வகுத்தோரும் இதனை அறிந்தே, பெற்ற எண்ணைப் பத்தாலும் நூறாலும் வகுத்துப் பாதுகாப்பான அளவைக் கொள்ளும் வழக்கத்தை ஏற்படுத்தினர்.

இனி, இலங்கையின் நிலையை நோக்குவாம். 1969இல் சப்புகஸ்கந்தை எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் தொழிற்படத் தொடங்கிற்று. துறைமுகத்திலிருந்து கொலன்னாவைக் களஞ்சியங்களுக்கு எண்ணெய்க் குழாய்கள் செல்கின்றன. களனியின் கீழ்ப்பகுதியிலே தொழிற்சாலைகள் பல எழுந்தன. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ் 1990இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள், உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரிலே எண்ணெயும் கொழுப்பும் இலீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று விதித்தன. 2008இன் விதிகளும் அவ்வளவையே கொண்டன. இவ்வரம்பு வேண்டற்பாலதே. ஆயினும் அது எடையை வரையறுக்கின்றதேயன்றி நஞ்சை வரையறுப்பதன்று. தேங்காயெண்ணெயின் பத்து மில்லிகிராமும் டீசலின் பத்து மில்லிகிராமும் தராசிலே ஒரே நிறையின, மீனுக்கோ ஒன்றல்ல. அன்றியும், பிரித்தெடுத்து உலர்த்தி நிறுக்கும் முறையிலே, பென்சீன் போன்ற இலேசான சேர்வைகள் நிறுக்குமுன்னரே பறந்துவிடும். தராசு காணாததை மீன் காணும். இதனாலேதான் இந்தியாவின் சுற்றாடல் விதிகள், இரசாயன அளவுகளோடு மீனையும் அளவாகச் சேர்த்தன: கலப்பற்ற கழிவுநீரில் விடப்பட்ட மீன்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு, 96 மணித்தியாலத்தின்பின் உயிரோடிருத்தல் வேண்டும் என்பது அவ்விதி.

எனினும், எம்மீனைக் கொண்டு சோதிப்பது என்பது முதன்மையான வினா. களனிக்கும் தெற்கேயுள்ள ஆறுகளுக்குமே உரிய சிறுமீன்கள் சில உள. 1929இல் தெரணியகலை விவரித்துப் பெயரிட்ட செந்நிறச் சிறுகெண்டை அவற்றுள் ஒன்று. சிங்கள மக்கள் 'புலத் ஹப்பயா', அஃதாவது வெற்றிலை மெல்வோன், என்றழைக்கும் கருஞ்செங்கெண்டை இன்னொன்று. காட்டுநிழலிற் குளிர்ந்தோடும் தெளிநீர் இவற்றின் இல்லம். வாய்க்காற் சேற்றிலும் வாழவல்ல கப்பி மீன் பிழைத்த செறிவைக் கொண்டு, இவற்றின் வாழ்வுக்கு உறுதி கூறல் நீதியாகாது. வலியவனைச் சாட்சியாக நிறுத்தி மெலியவனுக்குத் தீர்ப்புரைத்தல் போன்றது அது. உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத இவ்வினங்கள் ஈண்டு மறையின், மீளக் கொணர இடமில்லை.

உயிரைக் கொன்று உயிரைக் காக்கும் இம்முறை அறத்திற்கு ஒத்ததோ என்று வினவுவாரும் உளர். அவ்வினாவை அறிவியலும் புறக்கணிக்கவில்லை. ரஸ்ஸல், பேர்ச் என்னும் இருவர் 1959இலேயே, சோதனை உயிர்களைக் குறைத்தலும், அவற்றின் துன்பத்தைத் தணித்தலும், இயன்றவிடத்து வேறு வழி காணலும் ஆய்வாளர் கடன் என வலியுறுத்தினர். 2013இல் மீனின் கருவைக் கொண்டும், 2021இல் மீன் செவுளிலிருந்து பெற்று வளர்த்த கலங்களைக் கொண்டும் சோதிக்கும் பன்னாட்டு விதிகள் தோன்றின. கொல்லாமையை அறமாகப் போற்றும் சமூகத்து மாணவர் இத்துறையிற் புகுவராயின், அவ்வறத்தை விடுத்தன்று, அதனைக் கொண்டே ஆய்வினைச் செம்மைசெய்யலாம்.

கண்ணாடித் தொட்டியிலே நான்கு நாள் நீந்திய மீன் ஆற்றைப்பற்றி முழுவதும் கூறிற்றிலது. கூறிய அளவிற் பொய்யும் கூறிற்றிலது. அதன் சான்றை ஏற்பதும், அது மௌனஞ் சாதித்தவிடத்து அதனைச் சம்மதமாகக் கொள்ளாமையும் கற்றோர் கடனாம். அம்பத்தளையிலே மக்கள் எடுக்கும் நீரும் அங்கு மீன் மூச்சுவிடும் நீரும் ஒன்றே. மீனுக்கு ஒவ்வாத நீரை நகரம் நெடுங்காலம் பருகி வாழ்தல் இயலாது.