பரணிலிருந்து இறக்கிய வால்வு றேடியோ: உடனே கறன்ற் கொடுக்காதீர்கள்

நெல்லியடியில் எங்கள் வீட்டில் அம்மப்பா அறுபதுகளில் வாங்கிய ஒரு பிலிப்ஸ் வால்வு றேடியோ இருக்கிறது. 1987 மே மாத இறுதியில் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கி எல்லோரும் ஓடியபோது அது கட்டிலுக்குக் கீழே கிடந்தது. திரும்பி வந்தபோது கூரையில் பாதி இல்லை. அல்பத்துப் படங்கள் மழையில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. றேடியோ மட்டும் மிஞ்சியது என்று அம்மா சொல்வார். நான் அப்போது பிறக்கவில்லை.

1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றதும் அதைப் பழைய சேலையில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் சின்னத் திரான்சிஸ்ரர் றேடியோவில் செய்தி கேட்ட காலம் அது. டைனமோ தருவது 6 வோல்ற், 3 வோற்ஸ். வால்வு றேடியோவுக்கு நாற்பது ஐம்பது வோற்ஸ் வேண்டும்.

2018 இல் கனடாவிலிருந்து வந்த மாமா அதை இறக்கினார். "ஒருக்கால் போட்டுப் பாப்பமே" என்றார். தூசி துடைத்துச் செருகினோம். முகப்பு விளக்கு மஞ்சளாக எரிந்தது, பிறகு பெரிய உறுமல் கேட்டது. நாங்கள் சந்தோசத்தில் கை தட்டினோம். இரண்டு நிமிடத்துக்குள் தார் உருகும் மணத்தோடு புகை வந்தது. பவர் ரான்ஸ்போமர் எரிந்துபோயிருந்தது.

முன்பு றேடியோ திருத்திய ஒரு ஐயாவிடம் அதைக் கொண்டுபோனேன். பின்பலகையைக் கழற்றவே இல்லை. மணந்து பார்த்துவிட்டு, "உதுக்கு நேர கறன்ற் குடுத்தனீங்களோ, பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். அதன்பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் அவரோடு இருந்து பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்படியான பெட்டிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன.

எரிந்த காரணம் எளிது. வால்வு றேடியோவுக்குள் வீட்டு மின்சாரம் 250 முதல் 300 வோல்ற் வரையான நேர்மின்னாக மாறுகிறது. அதைச் சீராக்குவது பில்ற்றர் கப்பாசிற்றர். பாடப்புத்தகம் கொள்ளளவி என்று சொல்லும் அலுமினியக் குழாய். அதன் உள்ளே மெல்லிய ஒட்சைட்டுப் படலம்தான் மின்னைத் தடுத்து நிற்கிறது. பல வருடம் மின்சாரம் படாவிட்டால் அந்தப் படலம் கெட்டுவிடும். பிறகு திடீரென்று முழு வோல்ற்றும் ஏறினால் கப்பாசிற்றர் ஒரு கம்பி போல மின்னைக் கடத்தும். சுமை முழுவதும் மின்னைத் திருத்தும் வால்விலும் ரான்ஸ்போமரிலும் விழும். நாங்கள் கை தட்டிய உறுமல் அதுதான்.

ஆகவே முதல் வேலை கறன்ற் இல்லாமல் நடக்கவேண்டும். வால்வுகளின் பெயரைப் பாருங்கள். பெயர் 'ஈ' எழுத்தில் தொடங்கி, பவர் ரான்ஸ்போமரும் இருந்தால் தொடரலாம். யூசிஎச் 81, யூவை 85 என்று 'யூ' வில் தொடங்கினால் அந்தப் பெட்டிக்குப் பெரும்பாலும் மின்னைப் பிரிக்கும் ரான்ஸ்போமர் கிடையாது. இரண்டு கால் செருகியைத் திருப்பிப் போட்டாலே உலோக அடித்தட்டு முழுவதும் 230 வோல்ற் நிற்கும். பழக்கமில்லாதவர் அதில் கை வைக்கவேண்டாம்.

பின்பலகையைக் கழற்றினால் முதலில் வருவது குளவிக்கூடும் பல்லிமுட்டையும். தூரிகையால் மெதுவாகத் துடையுங்கள். ரப்பர் வயர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். பியூஸைக் கழற்றிப் பாருங்கள்; எங்களுடையதில் யாரோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றியிருந்தார்கள். சரியான பியூஸ் இருந்திருந்தால் ரான்ஸ்போமர் தப்பியிருக்கக்கூடும்.

அடுத்து, எதையும் சோதிக்காமலே மாற்றவேண்டியவை இரண்டு. ஒன்று அந்தப் பில்ற்றர் கப்பாசிற்றர். பழையதை அப்படியே விட்டு, அதன் இணைப்பை மட்டும் கழற்றி, அடியில் புதியதைப் பொருத்தலாம். 400 அல்லது 450 வோல்ற் தாங்கவேண்டும். பெரிதாகப் போட்டால் உறுமல் இன்னும் குறையும் என்று நினைத்து 220 மைக்ரோபரட் போடாதீர்கள். ஈஇசட் 80 போன்ற வால்வுக்கு நேர் அடுத்து 50 மைக்ரோபரட்தான் எல்லை. மீறினால் வால்வு போய்விடும். பழைய குழாய்த் தொலைக்காட்சியின் பவர் பகுதியில் 400 வோல்ற் கப்பாசிற்றர் கிடைக்கும் என்றாலும் அதன் அளவு பெரும்பாலும் இதைவிடப் பெரிது. புதிது வாங்குவதே நல்லது.

மற்றது இணைப்புக் கப்பாசிற்றர். உருவத்தில் சின்னது, செய்யும் கேடு பெரிது. ஒலிக்குறியை முன்வால்விலிருந்து கடைசி வால்வான ஈஎல் 84 இன் கிறிட்டுக்குக் கொண்டுபோவது இது. பழைய கடதாசிக் கப்பாசிற்றர் ஈரம் பிடித்துக் கசியும். வடமராட்சியின் உப்புக் காற்றில் நிச்சயம் கசியும். கசிந்தால் கிறிட் நேர் வோல்ற்றுக்கு ஏறி, ஈஎல் 84 அளவுக்கு மிஞ்சி மின்னை இழுக்கும். ஒலி கரகரத்து உடையும். இருட்டில் பார்த்தால் வால்வின் உட்தகடு சிவந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் ரான்ஸ்போமரும் போகும். அதே மைக்ரோபரட் அளவில் 630 வோல்ற் தாங்கும் பொலியெஸ்ரர் ஒன்றைப் போட்டால் இந்தக் கவலை தீரும்.

இப்போதுதான் கறன்ற். அதுவும் நேரடியாக அல்ல. ஒரு 60 வோற்ஸ் பழைய இழை மின்குமிழைத் தொடராக இணைத்து அதன் வழியாகக் கொடுக்கவேண்டும். எல்ஈடி குமிழ் இதற்கு உதவாது. கடைகளில் இழைக் குமிழ் அருகி வருகிறது. கண்டால் இரண்டு வாங்கி வையுங்கள். போட்டவுடன் குமிழ் பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் உடனே நிறுத்துங்கள். மின்னைத் திருத்தும் வால்வைக் கழற்றிவிட்டு மறுபடி போடுங்கள். குமிழ் மங்கினால் கோளாறு அந்த வால்விலோ அதற்குப் பின்னாலோ இருக்கிறது. அப்போதும் பளிச்சென்று எரிந்தால் ரான்ஸ்போமரையே சந்தேகிக்கவேண்டும். எங்களிடம் அன்று ஐம்பது ரூபாய்க் குமிழ் ஒன்று இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

கை வைக்குமுன் இன்னொன்று. செருகியைக் கழற்றியபின்னும் கப்பாசிற்றரில் மின் நிற்கும். 10 கிலோஓம், 5 வோற்ஸ் தடையி ஒன்றைக் காப்பிட்ட வயரால் அதன் இரு முனைக்கும் சில செக்கன் பிடித்து இறக்கி, மீற்றரில் பூச்சியம் என்று பார்த்தபிறகே தொடுங்கள். ஸ்குறூட்றைவரால் சோட் பண்ணிக் காட்டுகிறவர்களிடம் பழகவேண்டாம். கறன்ற் இருக்கும்போது அளந்தால் ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

கால்களை அடியிலிருந்து, இடைவெளிக்கு அடுத்ததிலிருந்து மணிக்கூட்டுத் திசையில் எண்ணவேண்டும். ஈஇசட் 80 இன் 3 ஆம் காலில் பிரதான வோல்ற் இருக்கும். ஈஎல் 84 இன் 2 ஆம் கால் கிறிட். அங்கே ஏறக்குறைய பூச்சியம். 3 ஆம் கால் கதோட்டு. 250 வோல்ற்றில், 135 ஓம் தடையியோடு அங்கே 7.3 வோல்ற் அளவு இருக்கவேண்டும் என்று வால்வின் விபரத்தாள் சொல்கிறது. அது 10, 12 என்று ஏறினால் வால்வு தேவைக்கு மேல் இழுக்கிறது. 9 ஆம் காலில் வோல்ற் இருந்து 7 ஆம் காலில் இல்லாவிட்டால் ஒலிபெருக்கிக்குப் போகும் சின்ன ரான்ஸ்போமரின் சுற்று அறுந்திருக்கிறது. அப்படி விட்டு ஓடவிட்டால் வால்வும் கெடும்.

எல்லாம் சரி, ஆனால் நிலையம் ஒன்றும் கேட்கவில்லையா? 'ஈ' வகைப் பெட்டி என்றால் கிராமபோன் துளையில் கைத்தொலைபேசியின் பாட்டைக் கொடுங்கள். பாட்டு வந்தால் அம்பிளிபயர் நல்லது, கோளாறு றேடியோப் பகுதியில். 'யூ' வகையில் இதைச் செய்தால் தொலைபேசியோடு உங்களுக்கும் ஆபத்து.

கறகற சத்தத்துக்கு வால்வின் கால்களையும் குழிகளையும் துப்புரவாக்கினாலே பாதி போகும். மீதிக்கு ஏரியல் வயரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் அது பக்கத்து அறையில் இருக்கும் போன் சார்ஜரின் வேலை. அம்மப்பா திருச்சி வானொலியை மத்திய அலையில் தெளிவாகக் கேட்ட நாளில் நெல்லியடியில் சார்ஜர் இல்லை.

பலர் முதலில் வால்வைத்தான் குறை சொல்கிறார்கள். "வால்வு கடைசியாத்தான் சாகும்" என்பார் ஐயா. உச்சியில் உள்ள வெள்ளிப் பூச்சு பால் போல வெளுத்திருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, அது முடிந்தது. மற்றபடி அவசரப்பட்டு எறியவேண்டாம். ஈஎல் 84 இன்றும் கிற்றார் அம்பிளிபயர்களுக்காகச் செய்யப்படுகிறது. ஈசிஎச் 81 போன்றவை பழைய இருப்பில்தான் கிடைக்கும்.

கோயில் திருவிழாக்களில் பாடிய பெரிய வால்வு அம்பிளிபயர்களில் ஈஎல் 34 சோடியாக இருக்கும். உள்ளே 400 வோல்ற்றுக்கு மேல். அவற்றில் பலவற்றுக்குக் கிறிட்டில் தனியாக மறை வோல்ற் வேண்டும். அந்த வோல்ற் வருகிறதா என்று பார்த்தபிறகே வால்வைச் செருகவேண்டும். வராவிட்டால் ஒரே நிமிடத்தில் இரண்டும் சிவக்கும்.

இதில் ஆர்வம் பிடித்து ஒலிபரப்பியும் பார்க்க நினைப்பவர்கள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அமெச்சூர் அனுமதி எடுத்தே செய்யவேண்டும். 2004 ஆழிப்பேரலையில் தொலைபேசிகள் செயலிழந்தபோது செய்தி கடத்தியவர்களில் அப்படியான வானொலியாளர்களும் இருந்தார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் வயரோடு ஒரு பெட்டி இருந்தாலே விளக்கம் சொல்லவேண்டியிருந்த காலத்தை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். கேட்பதற்கு அந்தத் தொல்லை இல்லை.

எங்கள் ரான்ஸ்போமரை மோட்டர் சுற்றுபவர் ஒருவர் ஐந்து மாதம் எடுத்துச் சுற்றித் தந்தார். பழைய சுற்று எண்ணிக்கையை எண்ணிக் குறித்துக்கொண்டுதான் வெட்டினார். நீங்களும் அப்படிக் கேளுங்கள். 2019 இல் குமிழ் வழியாகப் போட்டோம். இரவில் தமிழ் ஒன்று கேட்டது, பிறகு அலை விலகியது. வொலியூம் திருகும்போது இன்னும் கறகறக்கிறது. மாற்றிய பாகங்களையும் திகதியையும் ஒரு மட்டையில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கிறேன். அதற்குக் கீழே அம்மா தன் கையால், "குமிழ் இல்லாமல் போடவேண்டாம்" என்று எழுதிவிட்டார்.