கார் இல்லா நாள்: கோலசிலாங்கூரும் வட சிலாங்கூர்த் தோட்டங்களும்

கார் இல்லா நாள் என்பது ஒரு சாலையையோ நகரப் பகுதியையோ குறித்த கிழமையில், குறித்த நேரத்துக்குத் தனியார் கார்களுக்கு அடைத்து, நடப்பவர்க்கும் சைக்கிள் ஓட்டுபவர்க்கும் விட்டுவிடும் ஏற்பாடு. மலேசியாவில் இதற்குக் கோலாலம்பூரையே எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். கோலசிலாங்கூரின் புக்கிட் மெலாவத்தி குன்றில் இதே வழக்கம் அதிக விளம்பரமில்லாமல் நடந்துவருகிறது.

உலகில் கார் இல்லா நாள் தொடக்கத்தில் எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்கான தடையாகவே இருந்தது. சூயஸ் நெருக்கடியின்போது, 1956 நவம்பர் முதல் சில வாரங்களுக்கு நெதர்லாந்து ஞாயிறுகளில் கார் ஓட்டத்தை நிறுத்தியது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயைக் குறைத்தபோது மேற்கு ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் அவ்வாறே செய்தன. கொலம்பியாவின் போகோட்டா நகரம் 1974 டிசம்பரில் தொடங்கிவைத்தது வேறு வகை. அங்கே ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் காலை 7 முதல் பிற்பகல் 2 வரை நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான சாலை மக்களுக்குத் திறந்துவிடப்படுகிறது. ஜகார்த்தாவில் 2007இலும் சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரைச் சாலையில் 2014இலும் சிங்கப்பூரில் 2016இலும் இவ்வழக்கம் வந்தது. கோலாலம்பூர் மாநகர் மன்றம் 2014இல் தொடங்கிய ஏற்பாடு ஞாயிறு காலை 7 முதல் 9 வரை நடக்கிறது.

புக்கிட் மெலாவத்தியின் கதை பழையது. டச்சுக்காரர்கள் 1784இல் இக்குன்றின் மேலிருந்த கோட்டையைப் பிடித்து, தங்கள் தலைமை ஆளுநர் பெயரால் அல்டிங்ஸ்பர்க் என்றழைத்தார்கள். மறு ஆண்டே சிலாங்கூர்ச் சுல்தான் இப்ராகிம் அதை மீட்டார். 1907இல் எழுந்த கலங்கரை விளக்கம், பீரங்கிகள், அரச கல்லறைகள், கைநீட்டி உணவு கேட்கும் வெள்ளிமயிர்க் குரங்குகள் எல்லாம் ஒரு குறுகிய வளைசாலையை ஒட்டியே இருக்கின்றன. வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் அச்சாலையில் கார் ஏற முடியாது. அடிவாரத்தில் நிறுத்திவிட்டு நடக்கலாம். இல்லையென்றால் கட்டணம் கொடுத்து, டிராம் என்று ஊரார் சொல்லும் ரயில்வடிவ வண்டியில் ஏறலாம். முழங்கால் வலியுள்ள பாட்டியும் மேலே போய்க் கடலைப் பார்த்துவிட்டு வர முடிகிறது என்பதே இத்தடை நிலைத்திருப்பதற்குக் காரணம். குறையும் உண்டு: அதே வார இறுதியில் கார்கள் அடிவாரத் தெருக்களிலும், ஆற்றின் அக்கரையில் பாசிர் பெனாம்பாங் கடலுணவுக் கடைகளின் வாசலிலும் குவிகின்றன. குன்றில் குறைந்த நெரிசலின் ஒரு பங்கைப் பட்டணம் சுமக்கிறது.

பெருநகரங்களிலும் இதே இருமுகம்தான். பாரிஸ் 2015 செப்டம்பர் 27 அன்று கார்களை விலக்கியபோது சில பகுதிகளில் நைட்ரஜன் டையாக்சைடு 40 விழுக்காடு வரை குறைந்ததாகக் காற்றுக் கண்காணிப்பு அமைப்பு அறிவித்தது. மறுநாள் கார்கள் திரும்பின. ஒரு நாள் தடையால் காற்று நிலையாகத் தூய்மையாவதில்லை. தெருவில் குழந்தை விளையாடுவதும் முதியவர் அச்சமின்றி நடப்பதும்தான் அந்நாளின் மெய்யான வரவு.

ஆனால் கோலசிலாங்கூர் மாவட்டத்தின் உள்பகுதியில், புக்கிட் ரோத்தான், ஈஜோக், 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களில் கேள்வியே வேறு. ரப்பர்க் காலத்தில் லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகள், கோயில், தமிழ்ப்பள்ளி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை எல்லாம் நடைதூரத்தில் இருந்தன. அது வறுமையும் தோட்ட நிர்வாகமும் விதித்த கார் இல்லா வாழ்க்கை. அதை ஏக்கத்தோடு நினைத்துப் போற்ற வேண்டியதில்லை. கிள்ளான் பக்கமிருந்து கோலசிலாங்கூருக்கு வந்த ரயில்பாதையும் நெடுநாள் நிற்கவில்லை, அகற்றப்பட்டது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, குடும்பங்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்தன. பள்ளியும் கோயிலும் பல இடங்களில் பழைய தோட்டத்திலேயே நின்றுவிட்டன. பிள்ளைகளுக்குப் பள்ளி வேன், பெரியவர்களுக்குக் கப்சாய் எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிள் அல்லது பழைய கார் என்று தூரத்தைச் சமாளிக்கிறார்கள். மாவட்ட மருத்துவமனை தஞ்சோங் காராங்கில் இருக்கிறது. பெஸ்தாரி ஜெயாவில் இருக்கும் நோயாளிக்குக் கார் இல்லா நாள் என்றால் அண்டை வீட்டாரின் காரும் இல்லாத நாள்.

இம்மக்கள் சாலை அடைப்பை வெறுப்பவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தோட்டத்து மாரியம்மன் தேர் இழுக்கும்போது வழி அடைபடும், ஒருவரும் முறையிடுவதில்லை. வாரம் ஒரு மாலை பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை கூடும் தெருவில் கார் நுழைய முடியாது. அதையும் ஊர் தன் நாளாகவே ஏற்றுக்கொண்டது. இவற்றில் அடைப்பின் பலன் அடைபட்டவர்களுக்கே கிடைக்கிறது. நேரமும் ஊருக்கு முன்பே தெரியும்.

சிலாங்கூர் மாநில அரசு 2015இல் தொடங்கிய ஸ்மார்ட் சிலாங்கூர் இலவசப் பேருந்துச் சேவை, தோட்டங்களின் போக்குவரத்து இடைவெளியை நிரப்பத் தகுந்த கருவி. ஆனால் பேருந்து ஓடுவது தார்ச்சாலையில். செம்பனைக்குள் போகும் மண்பாதையின் கடைசி வீட்டுக்கும் நிறுத்தத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை அது குறைக்காது. ஆகவே கோலசிலாங்கூர்ப் பட்டணத்தின் ஆற்றங்கரைத் தெருக்களில் ஞாயிறு காலை இரண்டு மணிநேரம் காரை நிறுத்தலாம். அதனால் யாருக்கும் பெரிய இழப்பில்லை. அதையே மாவட்டம் முழுதும் விரிக்க நினைப்பவர்கள், முதலில் தோட்டத்துப் பள்ளி வேனுக்கும் மருத்துவப் பயணத்துக்கும் விலக்கு எழுத வேண்டும். மண்பாதை முனைவரை வரும் சிற்றுந்தும் அதற்கு முன்பே ஓடத் தொடங்கியிருக்க வேண்டும்.