பெல்மோன்டேயின் மறைவு யூதர்கள்

போர்ச்சுகல் நாட்டின் உட்பகுதியில், மலைப்பாங்கான நிலத்தில் பெல்மோன்டே என்னும் சிற்றூர் உள்ளது. 1917ஆம் ஆண்டில் சாமுவேல் ஷ்வார்ஸ் என்னும் போலந்து நாட்டு யூதர் ஒருவர் சுரங்கப் பொறியாளராக அவ்வூருக்கு வந்தார். உள்ளூர் வணிகர் ஒருவர் மற்றொரு வணிகரைச் சுட்டி, அவர் யூதர் என்று அவரை எச்சரித்தார். வியப்புற்ற ஷ்வார்ஸ் அவ்வீட்டாரைத் தேடிச் சென்றார். அவர்களோ அவரை நம்பவில்லை. தம்மைப்போல் மறைந்து வாழாத யூதர் உலகில் உண்டென்பதையே அவர்கள் அறியார். எபிரெயம் என்றொரு மொழி இருப்பதும் அவர்களுக்குத் தெரியாது. ஒரு மூதாட்டி, அம்மொழியில் ஜெபமொன்று சொல்லுமாறு கேட்டார். உபாகமம் 6:4இல் காணும் அறிக்கையை ஷ்வார்ஸ் ஓதினார். 'அதோனாய்' என்ற சொல் ஒலித்தவுடன் பெண்கள் கைகளால் கண்களை மூடிக்கொண்டனர். அவர்களிடம் எஞ்சியிருந்த எபிரெயச் சொல் அதுவே. 1925இல் ஷ்வார்ஸ் இச்செய்திகளை நூலாக வெளியிட்டார்.

இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது? 1492இல் ஸ்பெயின் தன் யூதரை வெளியேற்றியபோது, பெருந்தொகையினர் போர்ச்சுகலில் அடைக்கலம் புகுந்தனர். 1496 டிசம்பரில் மனுவேல் அரசரும் வெளியேற்றக் கட்டளை பிறப்பித்தார். ஆயினும் அவர்களுடைய செல்வத்தையும் திறமையையும் இழக்க அவருக்கு மனமில்லை. ஆகவே 1497இல் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்துத் திருமுழுக்குக் கொடுக்கச் செய்தார். பின்னர் பெரியோரும் அதற்கு உட்படுத்தப்பட்டனர். வெளியேற்றம் என்று தொடங்கியது வெளியேறவிடாமையில் முடிந்தது. பிற்காலத்தில் ஆயர் பெர்னாந்து கூட்டின்யோ, தலைமயிரைப் பிடித்து மக்கள் திருமுழுக்குத் தொட்டிக்கு இழுத்துவரப்பட்டதைத் தாம் கண்டதாக எழுதினார். அத்தகைய திருமுழுக்குச் செல்லாது என்றும் வாதிட்டார். அவர் குரல் எடுபடவில்லை. கட்டாயத்தால் பெற்றிருப்பினும் பெற்ற திருமுழுக்கைக் கைவிடலாகாது என்று 633ஆம் ஆண்டுத் தொலேதோ சங்கம் வகுத்த நெறியே மேலோங்கியது. திருவருட்சாதனம் பற்றிய இத்தீர்ப்பே, 1536இல் அமைந்த சமய விசாரணை மன்றத்திற்கு அடித்தளமாயிற்று. திருமுழுக்குப் பெறாதவரை அம்மன்றம் யூதவழிபாட்டிற்காகத் தண்டிக்க இயலாதன்றோ!

அதன் கை நம் நாட்டையும் எட்டியது. கோவாவில் 1560 முதல் செயற்பட்ட மன்றத்தின் முதல் இலக்காக இருந்தவருள் 'புதிய கிறிஸ்தவர்' எனப்பட்ட இம்மக்களும் இருந்தனர். இந்திய மூலிகைகள் பற்றி 1563இல் நூல் வெளியிட்ட மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1568இல் இறந்தார். மறு ஆண்டு அவர் சகோதரி எரிக்கப்பட்டார். 1580இல் ஓர்த்தாவின் எலும்புகளும் தோண்டி எடுக்கப்பட்டு எரிக்கப்பட்டன.

பெல்மோன்டேயில் சமயத்தைக் காத்தவர் பெண்களே. விருத்தசேதனம் உடலில் சாட்சியாகிவிடும் என்பதால் கைவிடப்பட்டது. நூல்கள் இல்லை, ரபிமார் இல்லை. ஜெபங்கள் போர்த்துக்கீசிய மொழியில் தாயிடமிருந்து மகளுக்கு வாய்மொழியாகவே சென்றன. வெள்ளிக்கிழமை மாலை எண்ணெய் விளக்கை ஏற்றி வெளியே தெரியாதபடி பானைக்குள் மறைத்தனர். பிறர் கண்காணிக்கும் நாளைத் தவிர்க்கப் பண்டிகைகளை உரிய நாளினின்று தள்ளி ஆசரித்தனர். தன் குலத்தை வெளிப்படுத்தாத எஸ்தர் அவர்களுக்குப் பெருமைமிக்க முன்மாதிரி; அவள் நோன்பையும் காத்தனர். ஆலயத்துள் நுழைகையில், மரத்தையும் கல்லையும் வணங்கவில்லை என்னும் கருத்துள்ள மன்றாட்டை முணுமுணுத்தனர். விசித்திரம் யாதெனில், யூத வழக்கங்களைக் காட்டிக்கொடுக்கும்படி மன்றம் ஆலயங்களில் வாசித்த அறிக்கைகளே, மறந்தவற்றை அவர்கட்கு நினைவூட்டின என்று வரலாற்றாசிரியர் கருதுகின்றனர்.

1821இல் மன்றம் ஒழிந்தும் மறைவு ஒழியவில்லை. 1923இல் போர்த்தோ நகரில் யூதச் சமூகத்தை நிறுவி, மறைவு யூதரைத் தேடிச்சென்ற படைத்தலைவர் பாரோஸ் பாஸ்தோ 1937இல் படையிலிருந்து நீக்கப்பட்டார். 1961இல் அவர் இறந்தபின் 51 ஆண்டுகள் கழித்தே நாடாளுமன்றம் அவருக்கு நீதி வழங்கியது. பெல்மோன்டே மக்கள் 1989இல் முறையான சமூகமாயினர். 1996இல் ஜெப ஆலயம் திறக்கப்பட்டது.

மீட்சிக்கும் விலை இருந்தது. வெளியிலிருந்து வந்த ரபிமார் எபிரெய வழிபாட்டைக் கற்பித்தனர். பொது வழிபாட்டை நடத்தும் பொறுப்பு ஆண்களுடையதாயிற்று. தலைமுறைகளாய் ஜெபங்களைக் காத்த மூதாட்டியர் பின்னிருக்கையை அடைந்தனர். மேலும், யூத நெறிக்கு முறைப்படி திரும்பும் சடங்குக்கு உட்பட வேண்டுமென அம்மக்களிடம் கேட்கப்பட்டது. பலர் இசைந்தனர். சிலர் இசையவில்லை; தாம் ஒருநாளும் விட்டு விலகாத இடத்திற்குத் திரும்புவது எங்ஙனம் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. அத்தகையோர் வீட்டினுள் பழைய போர்த்துக்கீசிய ஜெபங்களையே தொடர்ந்து சொல்லிவந்தனர்.