கல்வர்

கல்வர் என்பது புறாவைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். ஒரு காலத்தில் இங்கிலாந்தில் வீட்டிலும் தேவாலயத்திலும் புழங்கிய இச்சொல், பின்னர் நாட்டின் தெற்கிலும் கிழக்கிலும் வட்டார வழக்காக ஒடுங்கியது. அங்கே அது கழுத்தோரம் வெள்ளைத் திட்டுடைய பெரிய காட்டுப்புறாவைச் சுட்டியது. பொது ஆங்கிலத்தில் இன்று டவ், பிஜன் என்னும் சொற்களே வழங்குகின்றன.

பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் குல்வ்ரெ. ஜெர்மன், டச்சு முதலிய இனமொழிகளில் இதற்கு உறவுச்சொல் இல்லை. ஆகவே, புறாவைக் குறிக்கும் கொலும்பா என்ற இலத்தீன் சொல்லின் குறுமை வடிவமான கொலும்புலாவிலிருந்து இது வந்திருக்க வேண்டும் என்பதே அறிஞர் பலரின் முடிவு. கல்வரின் எனப்பட்ட பழைய பீரங்கிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது பாம்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது.

வழக்கும் தேய்வும்

இச்சொல்லின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் விவிலிய மொழிபெயர்ப்புகளில் கண்கூடாகக் காணலாம். இயேசு திருமுழுக்குப் பெற்றபோது தூய ஆவி புறா வடிவில் இறங்கிய காட்சியில், பழைய ஆங்கில நற்செய்தி நூல் குல்வ்ரெ என்கிறது. 1380களில் உருவான விக்லிஃப் விவிலியத்திலும் சில இடங்களில் கல்வர் வருகிறது. 1526இல் வெளிவந்த டிண்டேலின் மொழிபெயர்ப்பிலோ டவ் வந்து அமர்ந்துவிட்டது. 1611இன் ஜேம்ஸ் மன்னர் பதிப்பு அதையே நிலைநிறுத்தியது. பறவை அதுவே; பெயர்தான் மாறியது.

இன்னொரு பக்கம், பிரெஞ்சிலிருந்து பிஜன் வந்து சேர்ந்தது. முதலில் புறாக்குஞ்சைக் குறித்த அச்சொல், மெல்ல மெல்லப் பறவை முழுவதற்கும் பெயரானது. இரண்டுக்கும் இடையே கல்வர் நசுங்கிப்போனது. பழஞ்சொற்களை விரும்பி எடுத்தாண்ட கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சர், 1595இல் வெளியான அமோரெட்டியின் 89ஆம் பாடலில், துணையைப் பிரிந்து வாடும் புறாவைக் கல்வர் என்றே அழைத்தார்.

எஞ்சிய தடங்கள்

புறாக்கூண்டு மாடத்துக்குக் கல்வர்ஹவுஸ் என்று பெயர். கார்டிஃபில் உள்ள கல்வர்ஹவுஸ் கிராஸ் அதை இன்றும் சுமக்கிறது. வைட் தீவின் கிழக்குமுனையில் கல்வர் கிளிஃப் என்ற வெள்ளைச் சுண்ணப்பாறைச் செங்குத்து உள்ளது. புறாவின் விரிந்த வால்போலப் பலகை முனையைச் செதுக்கி, மற்றொன்றில் பூட்டும் தச்சு இணைப்பைக் கல்வர்டெயில் என்றனர். கல்வர் என்ற குடும்பப்பெயரும் இச்சொல்லின் வழி வந்ததே. ஹாரி கல்வர் நிறுவிய கலிஃபோர்னிய நகரம் கல்வர் சிட்டி, 1917இல் நகராட்சியானது.

இவற்றுள் வியப்பூட்டுவது வேல்ஸின் கவர் தீபகற்பத்தில், போர்ட் எய்னனுக்கு அருகே உள்ள கல்வர் ஹோல். கடலோரப் பாறைப் பிளவொன்றை ஏறத்தாழ 60 அடி உயரத்துக்குக் கல் வைத்துச் சுவர் எழுப்பி அடைத்திருக்கிறார்கள். சுவரில் சாளரங்கள், உள்ளே வரிசை வரிசையாகக் கூட்டுப் பொந்துகள். கடத்தல்காரர்கள் ஒளிந்த இடம் என்று ஊரில் கதை உண்டு. ஆனால் அந்தப் பொந்துகளும் பெயரும் ஒன்றையே சொல்கின்றன: இறைச்சிக்காகப் புறா வளர்த்த இடைக்கால மாடம் இது.

பேச்சில் மறைந்த சொல் மண்ணில் நிலைத்திருப்பதற்குக் கல்வர் நல்ல சான்று. அகராதியில் ஒரு சொல்லுக்கு நேரே ‘வழக்கொழிந்தது’ என்று கண்டால், ஊர்ப்பெயர்களையும் தொழில்சார் சொற்களையும் ஒருமுறை தேடிப் பார்த்த பிறகே அதை நம்ப வேண்டும்.